ரேஸ் ரிம்மா, ரோட்டு ரிம்மா? பழைய டட்சனுக்கு ரிம் தேடி நான் பட்ட பாடு

பழைய காருக்கு ஸ்போர்ட் ரிம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரிஜினல் ரேஸ் ரிம் அண்ணே, ஜப்பான்ல ஓடினது, இனிமே இந்த விலைக்குக் கிடைக்காது" என்று யாராவது உங்களுக்குப் படம் அனுப்பியிருந்தால், முன்பணம் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு 8,500 மலேசிய வெள்ளிக்கு மேல் போனது. பணம்கூடப் பரவாயில்லை. மனைவியும் மகளும் காரில் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த முன்சக்கரம் உடைந்தது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. வாங்கும் முன் பட்டறைக்காரர்கள், டயர் கடைக்காரர்கள், பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்று பலரிடமும் பேசினேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். இது ரோட்டுக்குச் செய்த சாமான் இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கார் 1976ஆம் வருடத்து டட்சன் 120ஒய். அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கியது. 1,171 சிசி ஏ12 எஞ்சின், பின்னால் லீஃப் ஸ்பிரிங், மொத்த எடை ஏறக்குறைய 800 கிலோ. அப்பா போன பிறகு செந்தூல் வீட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்த காரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து ஓட வைத்தேன். எங்கள் காரில் நாலு பக்கமும் டிரம் பிரேக். இன்றைய கோலாலம்பூர் போக்குவரத்தில் அது போதாது என்று முன்பக்கம் டிஸ்க் போட்டோம். போட்டதும் பழைய 12 அங்குல இரும்பு ரிம், டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரில் இடித்தது. ஆகவே 13 அங்குலத்துக்குப் போயே ஆக வேண்டிய நிலை. மாற்றுவது மாற்றுகிறோம், நல்லதாகவே போடலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்து ரேஸ் காரின் தோற்றம் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். ஷா ஆலாமில் பத்து தீகா ரேஸ் தடம் 1968இல் திறந்து 2003 வரை இருந்தது. அங்கே போய் வந்த சித்தப்பா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் கிள்ளானிலிருந்து ஒருவர் எட்டுக் கம்பி (ஸ்போக்) ரேஸ் ரிம் நாலு வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அன்றைக்கே போய்ப் பார்த்தேன். ஒன்றைக் கையில் தூக்கியதும் மனம் அதிலேயே நின்றுவிட்டது. அவ்வளவு லேசு. மெக்னீசியம் என்றார். 4,800 வெள்ளி. "ரேஸ்ல தாங்கினது, ரோடெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் நம்பினேன். நம்பும்படியாகவும் இருந்தது. ரேஸில் 160, 180 வேகத்தில் வளைவைத் தாங்குகிற ரிம், ஜாலான் ஈப்போவில் 60இல் போவதைத் தாங்காதா?

தாங்காமல் போகலாம். அதற்கான காரணத்தை நான் பிறகு தெரிந்துகொண்டேன். ரேஸ் தடத்தில் ரிம் மீது வரும் சுமை பெரியதுதான். ஆனால் அது பெரும்பாலும் வளைவிலும் பிரேக்கிலும் வரும் சுமை. சீராக ஏறி இறங்கும். தடம் வழவழப்பாக இருக்கும். குழி கிடையாது, மேம்பாலத்து இரும்பு இணைப்பு கிடையாது, மழைத் தண்ணீரில் மறைந்த சாக்கடை மூடி கிடையாது. எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக எங்கெல்லாம் உலோகத்தைச் சுரண்டி எடுக்க முடியுமோ அங்கெல்லாம் எடுத்திருப்பார்கள். அதைவிட முக்கியம், ரேஸ் ரிம்முக்கு ஆயுள் உண்டு. ஒழுங்கான ரேஸ் குழுவில் ரிம்மைக் கழற்றிக் கழுவி விரிசல் பார்ப்பார்கள். சில பருவம் ஓடியதும் சந்தேகமே இல்லாவிட்டாலும் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கியது சில சமயம் இரண்டாம் கை சந்தைக்கு வருகிறது. "ரேஸில் ஓடியது" என்றால் தன் ஆயுளில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்தது என்று பொருள். வாங்குகிறவன் அதை விலை ஏற்றும் காரணமாக எடுத்துக்கொள்கிறான். விலை இறக்கும் காரணமாக எடுக்க வேண்டும்.

மெக்னீசியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம், அலுமினியம் 2.7, இரும்பு 7.8க்கு மேல். லேசு என்பதில் பொய் இல்லை. ஆனால் ஈரமும் உப்பும் பட்டால் மெக்னீசியம் அரிக்கும். அதோடு ரிம் உட்காரும் இரும்பு ஹப், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஸ்டட், அதன்மேல் இறுக்கும் இரும்பு நட் இவற்றைத் தொட்டபடி நனைந்தால் இரும்பைக் காப்பாற்றிவிட்டு மெக்னீசியம் தான் கரையும். பாலன்ஸ் பார்க்க விளிம்பில் மாட்டும் இரும்புப் பிடி வைத்த எடைகூட அந்த இடத்தை அரித்துவிடும். பெயின்ட் ஒழுங்காக இருக்கும்வரைதான் பாதுகாப்பு. பிற்பகலானால் மழை கொட்டும் நம் ஊரில், வருடம் முழுக்க ஈரக் காற்றில் நிற்கிற காருக்கு, இது நல்ல பொருத்தம் இல்லை. பினாங்கில் கடலோரம் வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்து எது ரேஸ், எது ரோடு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1960களில் மினி கார் ரேஸால் பெயர் வாங்கிய மினிலைட் ரிம் முதலில் மெக்னீசியத்தில் வந்தது. பிறகு அதே முகத்தோடு அலுமினியத்தில் ரோட்டுக்கு வந்தது. ஜப்பானின் வாத்தனாபே எட்டுக் கம்பி ரிம்மும் இரண்டு உலோகத்திலும் உண்டு. இவற்றின் முகத்தை நகல் எடுத்து யார் யாரோ செய்து விற்கிற ரிம்களும் ஏராளம். முகம் ஒன்று, உள்ளே வேறு. சந்தேகம் இருந்தால் ரிம்மின் பின்பக்கம் மறைவான ஓர் இடத்தில் பெயின்டைக் கடுகளவு சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும். விற்பவர் சுரண்ட விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் தொல்லை பொருத்தத்தில் வந்தது. 120ஒய்க்கு நாலு ஸ்டட், பி.சி.டி., அதாவது ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம், 114.3 மில்லிமீட்டர். அது சரியாகவே இருந்தது. ஆனால் ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் (ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) பூஜ்யம். ரேஸ் காரில் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரை வெட்டி அகலப் பட்டை வைத்திருப்பார்கள், அதற்கேற்ற ரிம் அது. என் காரில் டயர் வெளியே துருத்தியது. டயர் ஃபெண்டருக்கு வெளியே நின்றால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் வரும். ஃபெண்டர் விளிம்பை உருட்டி மடித்து, பெயின்ட் வெடித்த இடத்தில் மறுபடி அடிக்க 650 வெள்ளி. சக்கரம் வெளியே தள்ளி நின்றதால் ஸ்டீயரிங் கனத்தது. சின்னப் பள்ளம் வந்தாலும் கையை உதறியது. வீல் பேரிங் மீதும் அந்தப் பளு ஏறும் என்று ஃபோர்மேன் அண்ணன் சொன்னார். அப்பா ஒரு கையில் ஓட்டிய கார், என் கையில் முரண்டு பிடித்தது. எனக்கு அழுகையே வந்தது.

இதைத் தவிர்ப்பது சுலபம். ரிம் வாங்கும் முன் காரை ஜாக்கியில் தூக்கி, பழைய ரிம்மைக் கழற்றி, ஹப்பின் முகத்திலிருந்து உள்ளே ஸ்பிரிங், ஷாக் வரை எவ்வளவு இடம், வெளியே ஃபெண்டர் விளிம்பு வரை எவ்வளவு இடம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆஃப்செட் மாறாமல் அகலம் ஓர் அங்குலம் கூடினால் இரண்டு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் கூடும். அகலம் மாறாமல் ஆஃப்செட் எண் 10 குறைந்தால் ரிம் 10 மில்லிமீட்டர் வெளியே போகும். இந்த இரண்டு கணக்கு போதும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்க வளைத்தும் பார்க்க வேண்டும். கேலிப்பரையும் மறக்கக்கூடாது: 13 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் கம்பி உள்ளே குவிந்திருந்தால் இடிக்கும். 114.3க்குப் பதில் 100 பி.சி.டி. ரிம்மைக் காட்டி, அடாப்டர் போட்டால் ஏறிவிடும் என்பார்கள். பெரோடுவா மைவி காருக்கெல்லாம் 100தான், அதனால் அந்த அளவு மலிவாகக் கிடைக்கிறது. அடாப்டரின் தடிப்பு அத்தனையும் ரிம்மை வெளியே தள்ளும், கூடவே இறுக்கிப் பார்க்க வேண்டிய நட்டும் இரட்டிப்பாகும். நட் விஷயத்திலும் கவனம். டட்சன் ஸ்டட் 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் (மரை இடைவெளி). டயர் கடையில் டப்பாவில் கிடக்கும் டொயோட்டா நட் 1.5 பிட்ச். கையால் ஓரிரு சுற்று ஏறும், அதற்கு மேல் நட் இறுக்கும் மெஷினால் அடித்தால் ஸ்டட் மரை போச்சு. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் நடந்தது. ஸ்டட்டும் நட்டும் மாற்ற 260 வெள்ளி.

அடுத்தது காற்று. இரவு சரியாக நிரப்பி வைத்தால் சில நாளில் ஒரு சக்கரம் இறங்கியிருக்கும். டயரில் ஆணி இல்லை, வால்வு புதுசு. டயரைக் கழற்றியபோது ரிம்மில் டயர் உட்காரும் வரம்பில் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி. கடைக்காரர் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரப்பர் பசை பூசி, மறுபடி மாட்டிக் கொடுத்தார். அந்த வெள்ளைப் பொடி எச்சரிக்கை. மெக்னீசியம் ரிம்மில் அதைப் பார்த்தால் அன்றோடு ரோட்டில் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

நான் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. ஒரு மாலை பத்துமலையிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை விட்டிருந்தது. ஜாலான் ஈப்போவில் தண்ணீர் தேங்கிய இடத்தில் முன் இடது சக்கரம் குழியில் இறங்கியது. பெரிய குழிகூட இல்லை. டங் என்று ஒரு சத்தம், உடனே ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. "என்னங்க, என்னங்க" என்று மனைவி கத்தினார். வேகம் குறைவாக இருந்ததாலும், பின்னால் வந்த லாரி இடைவெளி விட்டிருந்ததாலும் ஓரமாக நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று உள்ளே சுருண்டிருந்தது. ரிம்மின் உள் விளிம்பில் கையளவு துண்டு காணோம். அங்கிருந்து கம்பியின் அடிவரை விரிசல். மகள் காரை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள். டோ லாரி வரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியாக வரவில்லை.

டயர் ஏன் ஒரேயடியாகக் கழன்றது என்பதற்கும் காரணம் இருந்தது. ரோட்டு ரிம்மில் டயர் உட்காரும் வரம்பை அடுத்து ஒரு சின்ன மேடு இருக்கும். காற்று குறைந்தாலும் டயர் உடனே நடுப்பள்ளத்துக்கு நழுவாமல் அது தடுக்கும். ரேஸ் ரிம் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. என் ரிம்மில் இல்லை. வாங்கும்போது டயர் இல்லாத ரிம்மின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு கைக்குத் தட்டுப்படும்.

உடைந்ததை வெல்டிங் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், 350 வெள்ளி. இன்னொருவர், வயதானவர், ரிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடவே மாட்டேன் என்றார். மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் இன்னும் எரியும், அந்த வேலைக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்றார். அதோடு, வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி உலோகம் பழைய பலத்தில் இருக்காது, பார்க்க முழுசாக இருந்தாலும் அடுத்த குழியில் அதே இடத்தில் போகும் என்றார். அவர் வார்த்தையைக் கேட்டேன். அலுமினியம் ரிம்மிலும் விளிம்பு கொஞ்சம் வளைந்ததை நிமிர்த்துவது வேறு, கம்பியிலோ ஸ்டட் துளையிலோ விரிசல் கண்டதை ஒட்டுவது வேறு. இரண்டாவதை யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மிச்சம் மூன்று ரிம் இருந்ததே, அதை வைத்து என்ன செய்வது என்று மச்சானிடம் கேட்டேன். அவர் சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஸ்பிரே டப்பாவோடு வந்தார். முதலில் பெயின்டை ரசாயனம் போட்டு எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தோம். பிறகு சிவப்புச் சாயம் அடித்து ஊற விட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே வரும். பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டு ரிம்மில் ஸ்டட் துளையைச் சுற்றி மயிரிழை போலச் சிவப்புக் கோடு எழுந்து வந்தது. வெறும் கண்ணுக்குத் துளிகூடத் தெரியாத கோடு. இந்த டப்பாக்கள் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பழைய ரிம் எதுவானாலும், அலுமினியமே ஆனாலும், பெயின்டை எடுத்துவிட்டு இந்தச் சோதனை செய்யாமல் காரில் ஏற்றாதீர்கள். நான் வாங்கும்போது ரிம் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. பெயின்டுக்கு மேல் சோதனை செய்தால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் மலிவாக முடிக்கலாம் என்று நகல் ரிம் செட் ஒன்று 1,100 வெள்ளிக்கு வாங்கிப் பார்த்தேன். 90ஐத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது. நடுத்துளை ஹப்பைவிடப் பெரிது, இடைவெளியை அடைக்கும் வளையமும் அந்த அளவில் கிடைக்கவில்லை. ரிம்மின் பின்னால் எந்த முத்திரையும் இல்லை. நடந்ததைச் சொல்லியே 700க்குக் கொடுத்துவிட்டேன்.

முத்திரை என்றது எதை என்று விளக்குகிறேன். ஜப்பானில் பயணிகள் காருக்கான அலாய் ரிம்முக்கு ஜே.டபிள்யூ.எல். என்ற தரம் உண்டு. சுழற்றி வளைத்துப் பார்க்கும் சோதனை, பளுவோடு உருட்டும் சோதனை, ரிம்மைச் சாய்த்து வைத்து மேலிருந்து எடையைப் போடும் சோதனை மூன்றையும் தாண்ட வேண்டும். நம்முடைய குழிக்கு மிக நெருக்கமானது அந்த மூன்றாவது சோதனைதான். ஜே.டபிள்யூ.எல். முத்திரையைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் வி.ஐ.ஏ. என்றும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்றும் பார்த்திருக்கிறது என்று பொருள். இரண்டும் வார்ப்பிலேயே இருக்க வேண்டும், ஸ்டிக்கராக இருந்தால் பயனில்லை. ரேஸுக்கு மட்டும் என்று விற்ற ரிம்மில் இவை இருக்காது. சிலவற்றில் போட்டிக்கு மட்டும் என்றே பொறித்திருக்கும். என் ரிம்மில் அந்த இடம் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்ததைப் பெயின்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். அந்த நிமிடம் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அதே எட்டுக் கம்பி முகத்தோடு, இரண்டு முத்திரையும் உள்ள அலுமினியம் ரிம், 13க்கு 5.5 அங்குலம், நான் அளந்து கொடுத்த ஆஃப்செட்டில், புதிதாகவே 3,200 வெள்ளிக்கு வரவழைத்தேன். ரேஸ் ரிம்மைவிடக் கனம்தான். ஆனால் ஸ்டீயரிங் அப்பா காலத்து இலகுக்குத் திரும்பிவிட்டது. டயர் 185/60 ஆர்13. இதன் மொத்த உயரம் 552 மில்லிமீட்டர். பழைய 155/80 ஆர்12 டயருக்கு 553. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ரேஸ் ரிம்மில் போட்டிருந்த தாழ்ந்த டயரில் மீட்டர் கூடுதலாகக் காட்டும், குழியின் அடியும் நேரே ரிம்மில் இறங்கும். நம் ரோட்டுக்கு டயர் சுவர் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயரும் வரலாம். சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. மாற்று டயருக்கு வைத்திருந்த 12 அங்குல ரிம் முன்பக்கம் ஏறாது என்பதால் 13 அங்குல இரும்பு ரிம் ஒன்றும் வாங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டிருக்கிறேன். புது ரிம் மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) மறுபடி பாருங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் ரிம் மாற்றியதைச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேஸ் ரிம்மே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிப்பாங் தடத்தில் ஓட்டுபவர்கள், ரோட்டு ரிம்மில் போய், அங்கே மாற்றி ஓட்டி, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் விரிசல் பார்ப்பதாக இருந்தால் அதன் லேசு உண்மையில் பலன் தரும். அந்த உழைப்புக்கு நேரம் இல்லாதவர்கள் ரோட்டு ரிம் போடுங்கள்.

போன கணக்கு இது: ரிம் 4,800, ரேஸ் டயர் நாலு 1,680, ஃபெண்டர் 650, ஸ்டட்டும் நட்டும் 260, டோ லாரி 200, வளைந்த டை ராடும் லோயர் ஆர்மும் மாற்றி அலைன்மென்ட் 540, நகல் ரிம்மில் நட்டம் 400. மிச்சமிருந்த மூன்று மெக்னீசியம் ரிம்மைக் கேட்டு ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வந்தார், 2,000 தருகிறேன் என்றார். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். சுவரில் மாட்ட மட்டும்தான் அண்ணே என்றார். விரிசல் உள்ள இரண்டிலும் ஸ்டட் துளைகளைக் கிரைண்டரால் அறுத்துவிட்டு, காசு வாங்காமல் கொடுத்தேன். மூன்றாவது என்னிடமே இருக்கிறது.